பீதி நோயும் கஞ்சா மிட்டாயும்

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் நாம் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மேடைகளில் சாதாரணமாகப் பேசப்படுகிற விஷயமல்ல. சில மாதங்களுக்கு முன் இவ்வூர் வாலிபர் ஒருவர் நம்மை ஒதுக்குப்புறமாக அழைத்துப்போய் இரகசியமாக ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, எனக்குத் திடீர் திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது, மூச்சு முட்டுகிறது, கை விரலெல்லாம் மரத்துப்போகிறது, இதோ செத்துப்போகிறேன் என்று தோன்றுகிறது. முதல் தடவை பஸ்ஸில் வந்தது. அதிலிருந்து பஸ் ஏறுவதையே விட்டுவிட்டேன், வேலையும் போய்விட்டது. கானடாவில் இருக்கும் என் மாமன் மகன், தனக்கும் இப்படி இருந்ததாகவும், கஞ்சா சேர்த்த மிட்டாய் தின்று சமாளிப்பதாகவும் சொல்லுகிறான். நானும் பாங்கு உருண்டை வாங்கித் தின்னலாமா?" என்பதுதான் அவர் கேள்வி. அவர் பெயர் நமக்கு வேண்டியதில்லை. கேள்வி அவர் ஒருவருடையதாக மாத்திரம் இருந்தால் அவரிடமே பதில் சொல்லி அனுப்பியிருப்போம். இப்படி வெளியில் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளுக்குள் நடுங்குகிறவர்கள் இக்கூட்டத்திலேயே பலர் இருக்கக்கூடும் என்பதாலேயே இங்கு பேசத் துணிந்தோம்.

இக்கேள்விக்குச் சுலபமான பதில்கள் இரண்டு இருக்கின்றன. "அது சிவமூலி, சாமியார்களெல்லாம் சாப்பிடுவது, தாராளமாய்ச் சாப்பிடு" என்பது ஒன்று. "சீ, அது பாவப் பொருள், தொடாதே" என்பது மற்றொன்று. இரண்டையும் சொல்லுகிறவர்கள் அந்தச் செடியைப் பற்றியும் அறியார்கள். அந்த நோயைப் பற்றியும் அறியார்கள். சிவமூலி என்று பெயர் வைத்தால் ஒரு இலை மருந்தாகிவிடுமா? பாவம் என்று பெயர் வைத்தால் ஒரு இலை விஷமாகிவிடுமா? எவ்வளவு தின்றால், எத்தனை நேரத்தில், உடம்பில் என்ன நடக்கிறது என்று கேட்டு விசாரித்துத் தெரிந்துகொள்வதுதான் புத்தியுள்ளவர்கள் செய்யத்தக்க காரியம்.

முதலில் நோயைப் பார்ப்போம். இதை இங்கிலீஷ் வைத்தியர்கள் 'பேனிக்' நோய் என்கிறார்கள். அந்த வார்த்தையே ஒரு சாமியின் பெயரிலிருந்து வந்தது. காட்டிலும் மலையிலும் தனியே போகிறவனுக்குக் காரணமில்லாமல் கிலி பிடித்தால், பான் என்கிற ஆட்டுக்கால் தெய்வம் கத்தியதால்தான் என்று பழைய கிரேக்கர்கள் நம்பினார்கள். நம் ஊரில் முனி அடித்தது, காற்று பட்டது என்கிறோமே, அதே கதைதான். கிரேக்கனுடைய பானும் நம்முடைய முனியும் ஒரே வேலையைத்தான் செய்து வந்திருக்கிறார்கள். அதாவது, தெரியாத ஒன்றுக்குத் தெரிந்தது போல் ஒரு பெயரைக் கொடுத்து, மேற்கொண்டு கேள்வி கேட்காதபடி வாயை அடைப்பது.

உண்மையில் நடப்பது என்ன? ஆபத்து வந்தால் ஓடவோ எதிர்க்கவோ உடம்பைத் தயார் செய்ய நமக்குள் ஒரு காவல் ஏற்பாடு இருக்கிறது. பாம்பைக் கண்டால் நெஞ்சு வேகமாய் அடிப்பதும், மூச்சு வாங்குவதும், வியர்ப்பதும் அதனால்தான். அது இல்லாவிட்டால் மனிதன் இத்தனை காலம் பிழைத்திருக்க மாட்டான். பீதி நோயில் இந்தக் காவல் நாய் திருடன் இல்லாமலே குரைக்கிறது. குரைத்ததும் என்ன ஆகிறது? நெஞ்சு அடிப்பதைக் கண்டு, "மாரடைப்பு வந்துவிட்டது" என்று மனம் அர்த்தம் செய்துகொள்ளுகிறது. அந்தப் பயத்தால் நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கிறது. அதைக் கண்டு பயம் இன்னும் ஏறுகிறது. இந்தச் சுற்றை 1986ல் டேவிட் கிளார்க் என்ற இங்கிலாந்து நாட்டு மனநூல் அறிஞர் தெளிவாக எழுதிக்காட்டினார். உடம்பின் சாதாரண அசைவைச் சாவின் அடையாளமாகத் தப்பர்த்தம் செய்துகொள்வதே இந்நோயின் ஆணிவேர் என்பது அவருடைய முடிவு.

இது கோழைகளுக்கு வருகிற நோயுமல்ல, பொய் வேஷமுமல்ல. அமெரிக்காவில் வயது வந்தவர்களில் ஓராண்டுக்குள் நூற்றுக்கு 2, 3 பேருக்கு இது இருப்பதாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். அந்தப் பெண்களைத்தான் நம்மவர்கள் பேய் பிடித்தவர்கள் என்று மயிரைப் பிடித்து ஆட்டி, வேப்பிலையால் அடிக்கிறார்கள்.

இப்போது ஒரு விஷயத்தை மட்டும் நன்றாக ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் பின்னால் சொல்லப்போவதெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது. இந்தப் பீதி வந்தால் சில நிமிஷங்களில் உச்சத்துக்கு ஏறும். ஏறிய பிறகு தானாகவே இறங்கிவிடும். பெரும்பாலும் அரை மணிக்குள் அடங்கிப்போகும். யார் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் அடங்கும். ஆகவே, பத்தாவது நிமிஷத்தில் யார் வந்து நிற்கிறானோ அவனுக்கே பெருமை போய்ச் சேருகிறது. விபூதி போட்ட பூசாரி வந்தால் பூசாரியால் தீர்ந்தது. சோடா வாங்கிக் கொடுத்தவன் வந்தால் சோடாவால் தீர்ந்தது. மிட்டாய் தின்றிருந்தால் மிட்டாயால் தீர்ந்தது! மழை நிற்கப்போகிற சமயத்தில் குடை விரித்தவன், "என் குடைதான் மழையை நிறுத்தியது" என்று சொன்னால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா?

நிற்க, இனி கஞ்சாவுக்கு வருவோம். அதில் ஒன்றுமே இல்லை, எல்லாம் வெறும் மயக்கம் என்று நாம் சொல்ல வரவில்லை. 1964ல் இஸ்ரேல் தேசத்தில் மெச்சூலம், கயோனி என்ற இரு ரசாயன அறிஞர்கள் அச்செடியில் போதையை உண்டாக்கும் பொருளைப் பிரித்து அதன் அமைப்பைக் கண்டார்கள். அதற்கு டி.எச்.சி. என்று பெயர். பிறகு 1990க்குள் அந்தப் பொருள் போய் ஒட்டிக்கொள்ளும் இடம் நம் மூளையிலேயே இருப்பது விளங்கிற்று. 1992ல் அதே இடத்தில் ஒட்டக்கூடிய ஒரு பொருளை நம் உடம்பே தயாரித்துக்கொள்ளுகிறது என்றும் கண்டுபிடித்தார்கள். அதற்கு 'ஆனந்தம்' என்ற சொல்லை வைத்தே 'ஆனந்தமைட்' என்று பெயரிட்டார்கள். பயத்தையும் பதட்டத்தையும் கூட்டிக் குறைக்கும் வேலையில் இந்த ஏற்பாட்டுக்கு நிஜமான பங்கு உண்டு. ஆகையால் கஞ்சா தின்றவன் "எனக்கு மனம் அடங்கிற்று" என்றால் அவன் பொய் சொல்லுகிறான் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் எவ்வளவு தின்றான் என்பதுதான் கேள்வி. 2017ல் சிகாகோ நகரத்து ஆராய்ச்சியாளர்கள், நோயில்லாத 42 பேரைப் பொறுக்கியெடுத்து, மாத்திரையாக டி.எச்.சி. கொடுத்து, முன்பின் தெரியாதவர்கள் முன் பேச நிறுத்தினார்கள். சிலருக்கு ஒன்றுமில்லாத போலி மாத்திரை. சிலருக்கு ஏழரை மில்லிகிராம். சிலருக்கு பன்னிரண்டரை மில்லிகிராம். ஏழரை தின்றவர்களுக்குப் பதட்டம் குறைந்தது. பன்னிரண்டரை தின்றவர்களுக்குப் பேசுவதற்கு முன்பும் பேசும்போதும் மனக்கலக்கம் அதிகமாயிற்று. இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு? வெறும் ஐந்து மில்லிகிராம்! ஒரு கிராமை இருநூறு பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. அவ்வளவு மெல்லிய கோட்டுக்கு இந்தப் பக்கம் அமைதி, அந்தப் பக்கம் பீதி. பாங்கு உருண்டை உருட்டுகிறவனிடம் அந்தக் கோட்டைக் காட்டும் தராசு இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தபடியாக, புகைப்பதற்கும் தின்பதற்கும் உள்ள வித்தியாசம். புகைத்தால் சில நிமிஷங்களில் மூளைக்குப் போகும். தின்றால் வயிற்றுக்குப் போய், குடலில் ஏறி, ஈரலுக்குச் சென்று, அங்கே முன்னிலும் வேகமாக மூளையில் நுழையக்கூடிய வேறொரு பொருளாகவும் மாறி, அதற்குப் பிறகுதான் வேலை செய்யும். அதற்கு அரை மணி முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும். உச்சத்துக்கு ஏற இரண்டு மூன்று மணியாகும். இறங்க ஆறு எட்டு மணி, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். சாப்பிட்ட சோறு, உடல்வாகு இவற்றைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும்.

இப்பொழுது நாம் முன்பு சொன்னதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போடுங்கள். பீதி பத்து நிமிஷத்துக்குள் உச்சிக்கு ஏறி அரை மணிக்குள் இறங்குகிறது. மிட்டாயோ அரை மணிக்கு முன்னால் வேலையே தொடங்குவதில்லை. அப்படியானால் பீதி வந்த சமயத்தில் மிட்டாய் தின்று ஐந்து நிமிஷத்தில் சுகமடைந்தவனைச் சுகப்படுத்தியது எது? மிட்டாய் அப்போது அவன் வயிற்றில் கரையக்கூட இல்லையே! சுகமானது தானாகவே. பெருமை மாத்திரம் மிட்டாய்க்கு. பூசாரியின் விபூதிக்கும் இதற்கும் இவ்விஷயத்தில் எள்ளளவும் வித்தியாசமில்லை. விபூதியாவது நெற்றியோடு நின்றுவிடும். மிட்டாயோ ஒரு மணி கழித்து, பீதி போன பிறகு, தன் வேலையைத் தொடங்கும். அதன் முதல் வேலைகளில் ஒன்று என்ன? நாடியை வேகமாக ஓடவைப்பது! நெஞ்சு வேகமாய் அடித்தாலே சாவு வந்ததென்று நினைக்கிற நோயாளிக்கு, நெஞ்சை வேகமாய் அடிக்கவைக்கும் பண்டம் மருந்தாகக் கிடைக்கிறது!

இதெல்லாம் ஊகமல்ல. அமெரிக்காவில் கொலராடோ மாகாணத்தில் 2014 ஜனவரி 1 முதல் கஞ்சாவைக் கடையில் பகிரங்கமாக விற்க ஆரம்பித்தார்கள். அவ்வாண்டே 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையின் பிரபல எழுத்தாளர் மொரீன் டௌட் அம்மையார் டென்வர் நகரில் கஞ்சா சாக்லெட்டைத் தின்று, முதலில் ஒன்றும் தெரியாமல், பிறகு பல மணி நேரம் அசைய முடியாமல் கிலியில் கிடந்ததைத் தாமே எழுதி வெளியிட்டார். அவர் பிழைத்து எழுதினார். அதே ஆண்டு மார்ச்சில் 19 வயது மாணவன் ஒருவன், ஆறு பேருக்குப் பங்கிடத்தக்க 65 மில்லிகிராம் ரொட்டியில் கடைக்காரர் சொன்னபடி முதலில் ஒரு துண்டு தின்றான். அரை மணி, ஒரு மணி பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை என்று மிச்சம் முழுவதையும் தின்றான். அதன்பின் புத்தி தடுமாறி, நாலாவது மாடியிலிருந்து விழுந்து இறந்தான். இந்த விவரங்களை அந்நாட்டு நோய்த்தடுப்பு இலாகா 2015ல் பிரசுரித்தது.

இன்னொரு கணக்கும் கேளுங்கள். கொலராடோ சர்வகலாசாலை ஆஸ்பத்திரியில் 2012 முதல் 2016 வரை கஞ்சாவால் அவசரச் சிகிச்சைக்கு வந்தவர்களைக் கணக்கெடுத்தார்கள். அம்மாகாணத்தில் விற்ற டி.எச்.சி. அளவில் தின்பண்டமாய் விற்றது நூற்றுக்கு அரைக்கும் குறைவு. ஆனால் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் தின்று வந்தவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேருக்கு மேல். அவர்களில் மனக்கலக்கத்தோடு வந்தவர்களின் விகிதம், புகைத்து வந்தவர்களைவிட அதிகமாக இருந்தது. அமெரிக்க நகரங்கள் மூன்றில் வாங்கிய 75 கஞ்சாத் தின்பண்டங்களைச் சோதித்த முடிவு ஒன்று 2015ல் வெளியாயிற்று. அவற்றில் சீட்டில் எழுதிய அளவு சரியாக இருந்தவை நூற்றுக்குப் பதினேழு மாத்திரமே. கானடா சர்க்கார் 2019ல் இப்பண்டங்களை விற்க அனுமதித்தபோது, ஒரு பொட்டலத்துக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டம் செய்ததும் இம்மாதிரி ஆபத்துக்களைக் கருதித்தான். சட்டமும் சோதனைச்சாலையும் உள்ள தேசங்களின் நிலைமை இதுவென்றால், சீட்டே இல்லாமல் இலையில் மடித்துக் கொடுக்கிற உருண்டையின் யோக்கியதையை நாம் சொல்லவும் வேண்டுமா?

"ஆனால் என் மாமன் மகனுக்குக் குணமாயிற்றே!" என்று வாலிபர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு நாம் சொன்னதாவது: உம் மாமன் மகன் இப்பொழுது மிட்டாய் இல்லாமல் வெளியே போகிறாரா என்று கேட்டு எழுதும் என்றோம். பதில் வந்தது. சட்டைப்பையில் மிட்டாய் இல்லாவிட்டால் ரயில் ஏறுவதில்லையாம்! தோழர்களே, இதைத் தாயத்து என்று சொல்லாமல் வேறென்ன சொல்லுவது? நோய் தீர்ந்தவன் தாயத்தைக் கழற்றி எறிந்துவிட்டு நடப்பான். தாயத்து இருந்தால்தான் நடப்பேன் என்கிறவனுக்கு நோய் உள்ளே அப்படியே இருக்கிறது; தாயத்தின் நூல்தான் புதிதாக மாறியிருக்கிறது. மேலும் தினந்தோறும் தின்றால் உடம்பு பழகிப்போய், நேற்றுப் போதுமாயிருந்தது இன்று போதாமல் போகும். நிறுத்தினால் தூக்கமின்மையும் எரிச்சலும் பதட்டமும் சில வாரம் வரும். அந்தப் பதட்டத்தைப் பழைய நோய் திரும்பி வந்ததாக எண்ணி மறுபடியும் தின்பான். கடனை அடைக்கக் கடன் வாங்குகிற சம்சாரியின் கதைதான்.

ஒருவருடைய அனுபவம் உண்மையாக இருக்கலாம். ஆனால் ஒருவருடைய அனுபவம் சோதனை ஆகாது. கஞ்சாவைப் பழிப்பதிலும் இதே தவறு நடந்திருக்கிறது. 1893ல் இந்திய சர்க்கார் ஒரு கமிஷன் போட்டு, ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தார்கள். பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளில் 'காரணம்' என்ற கட்டத்தில் கஞ்சா, கஞ்சா என்று எழுதியிருந்ததைக் கமிஷன் அப்படியே நம்பவில்லை. ஒவ்வொன்றாய்த் தோண்டிப் பார்த்ததில், கட்டத்தை நிரப்ப வேண்டுமே என்று விசாரணையில்லாமல் எழுதப்பட்டவை பல என்று தெரியவந்தது. அளவோடு உண்பவர்களுக்குப் பெரும்பாலும் கெடுதலில்லை, மிஞ்சினால் கெடுதல் என்று முடிவு எழுதினார்கள். பழிக்கிறவன் எழுதிய கட்டத்தையும் நம்பாதே, புகழுகிறவன் சொல்லும் கதையையும் நம்பாதே என்பதே இதில் நமக்குப் படிப்பினை.

சரி, சோதனைகள் என்ன சொல்லுகின்றன? 2019ல் 'லான்செட்' வைத்தியப் பத்திரிகையின் மனநோய்ப் பகுதியில், மனநோய்களுக்குக் கஞ்சாப் பொருள்களைக் கொடுத்த 83 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து, பதட்ட நோய்களுக்கு அவை குணம் செய்வதற்கு ருஜு மிகக் குறைவு என்று முடிவு கூறினார்கள். கஞ்சாவிலுள்ள ஸி.பி.டி. என்ற போதையில்லாத இன்னொரு பொருளை 600 மில்லிகிராம் கொடுத்ததில் சபைக்கூச்ச நோயாளிகளுக்குப் பயம் குறைந்ததாக 2011ல் பிரேஸில் தேசத்தில் கண்டார்கள். நல்லதுதான். ஆனால் அது 24 நோயாளிகளைக் கொண்டு, ஒரே வேளை கொடுத்துப் பார்த்த சோதனை. அது சபைக்கூச்சம், இது பீதி நோய். குழந்தைகளின் கடுமையான சிலவகை வலிப்புக்கு அதே ஸி.பி.டி.யை 2018ல் அமெரிக்க சர்க்கார் மருந்தாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சோதித்து ருஜுவானதை நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். ருஜுவாகாததை நாளை ருஜுவானால் ஒப்புக்கொள்வோம். அதற்குள் தன் உடம்பையே சோதனைச்சாலையாக்கும்படி ஒருவருக்கும் நாம் சொல்ல மாட்டோம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம். 1985ஆம் வருஷத்து இந்தியப் போதைப்பொருள் சட்டப்படி கஞ்சாவின் பூங்கதிரும் பிசினும், அவை சேர்ந்த பண்டமும் குற்றம். தனி இலையும் விதையும் அந்த அர்த்தத்துக்குள் வராது. அவற்றை அந்தந்த மாகாணச் சட்டம் கவனிக்கும். உருண்டையில் இலை மட்டும்தான் இருக்கிறதா, பூவும் சேர்ந்திருக்கிறதா என்று தின்கிறவனுக்குத் தெரியுமா? கானடாவில் கடையில் வாங்கியதைத் தபாலில் வரவழைத்தால், அனுப்புகிற மாமன் மகனும் அந்நாட்டுச் சட்டப்படி குற்றவாளியாவான். இங்கே வாங்கியவனும் ஜெயிலுக்குப் போக நேரும்.

அப்படியானால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். முதலாவது, வைத்தியரிடம் போய் இருதயம், ரத்தசோகை, கழுத்திலுள்ள தைராய்டு கோளம் இவற்றைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். இவற்றில் கோளாறு இருந்தாலும் இப்படிப் படபடக்கும். அதில் குறையில்லையென்றால் "உனக்கு ஒன்றுமில்லை, போ" என்று சொல்லுகிறவரோடு நின்றுவிடாமல் மனநோய் வைத்தியரைப் பார்க்க வேண்டும். பயந்த காரியத்தைக் கொஞ்சங்கொஞ்சமாக வேண்டுமென்றே செய்து பழகி, நெஞ்சு அடித்தால் சாவு வராது என்பதை உடம்புக்கே ருஜுப்படுத்திக் காட்டும் பயிற்சி ஒன்று இருக்கிறது. இந்நோய்க்கு மிகவும் நன்றாகச் சோதிக்கப்பட்ட சிகிச்சை அதுதான். தேவையானவர்களுக்கு மாத்திரையும் உண்டு. சில வாரங்களில்தான் அது பலன் தெரியும். முதல் வாரம் படபடப்புக் கொஞ்சம் கூடினாலும் வைத்தியரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. உடனே அடக்கும் தூக்க மாத்திரைகளில் பழக்கம் ஒட்டிக்கொள்ளும், ஜாக்கிரதை வேண்டும். எங்கே போவதென்று தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தால், 2022 முதல் சர்க்கார் செலவில் தமிழிலேயே யோசனை சொல்லுகிறார்கள்.

ஏற்கனவே தின்று வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களை நாம் கேவலமாக நினைக்கவில்லை. வேதனைப்படுகிறவன் கைக்குக் கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளுவான். வைத்தியரிடம் அதை மறைக்காதீர்கள். மறைத்தால் அவர் கொடுக்கும் மருந்தோடு மோதும். ஒன்றும் தெரியவில்லையே என்று மேலே மேலே தின்னாதீர்கள். கள் சாராயத்தோடு சேர்க்காதீர்கள். தின்றுவிட்டு வண்டி ஓட்டாதீர்கள். குழந்தைகள் கைக்கு எட்டும்படி வைக்காதீர்கள். மிட்டாய் என்றால் குழந்தை தின்னத்தான் செய்யும். குடும்பத்தில் சித்தப்பிரமை கண்டவர்கள் இருந்தால் வாலிபப் பிள்ளைகள் இதன் கிட்டவே போகவேண்டாம்.

கடைசியாக, அந்த வாலிபரின் சங்கதி. அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். இருதயத்தில் குறையில்லை. டாக்டர் அவரை மாடிப்படியில் வேகமாக ஏறச்சொல்லி, நெஞ்சு அடிக்கும்போது உட்காராமல் நின்று பார்க்கச் சொன்னாராம். "செத்தீரா?" என்று கேட்டாராம். "இல்லை" என்றாராம். பிறகு பஸ்ஸில் ஒரு ஸ்டாப், பிறகு இரண்டு, கூட ஆள் வைத்து, பிறகு தனியே. நடுவில் இரண்டு முறை பீதி வந்தது, இறங்கி ஓடாமல் உட்கார்ந்திருந்தார், போய்விட்டது. ஏழாவது வாரம் தனியே டவுனுக்கு வந்து நம்மைப் பார்த்தார். பையில் என்ன இருக்கிறது என்று கேட்டோம். பஸ் டிக்கெட்டை எடுத்துக் காட்டினார். நோய் அடியோடு போயிற்று என்று அவரும் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. ஆனால் அது வந்தால் போகும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஆகவே தோழர்களே! பயம் வந்தால் பூசாரியிடமும் ஓடவேண்டாம், உருண்டைக்காரனிடமும் ஓடவேண்டாம். நாம் சொன்னோம் என்பதற்காக இதை நம்பவும் வேண்டாம். நிமிஷக்கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள், வைத்தியரைக் கேளுங்கள், சரி என்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், தப்பென்று பட்டால் தள்ளிவிடுங்கள். உங்கள் வீட்டில் யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடுங்கினால் அவர்களைச் சிரிக்காதீர்கள், அடிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "இது போய்விடும்" என்று சொல்லுங்கள் என்பதை மாத்திரம் வேண்டிக்கொள்ளுகிறோம்.